மாலை ஐந்தரை மணிக்கு எடுத்த ரத்தம்

அந்தப் பரிசோதனையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கேட்ட ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றிருக்கிறேன். சர்க்கரைக்கு வருபவர் உரக்கச் சொல்வார். கொழுப்புக்கு வருபவர் பெருமையாகவே சொல்வார். இதற்கு வருபவர் மட்டும் டாக்டர் சீட்டை நாலாக மடித்து நீட்டிவிட்டு, நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆண் ஹார்மோனின் பெயரைச் சொல்லி "டெஸ்டோஸ்டிரோனா?" என்று நான் கேட்டுவிட்டால் போச்சு. "மெதுவா மேடம்" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். பின்னால் நிற்பவரும் பெரும்பாலும் அதற்குத்தான் வந்திருப்பார்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் காலத்து இயந்திரம் இப்போது காயலான் கடையில் கிடக்கும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தப்பு நடந்தபோது எனக்கு வேலையில் முப்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

தல்லாகுளத்தில் ஒரு நடுத்தரமான தனியார் மருத்துவமனை. அங்கே பரிசோதனைக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. சுற்றிலும் அரசு அலுவலகங்கள், கோர்ட்டு. வேலைக்குப் போகிறவர்களும் பட்டறை, கடை வைத்திருப்பவர்களும் காலையில் எங்கே வருவார்கள்? அதனால் மாலையிலும் கவுண்டரைத் திறந்து வைப்போம் என்று நிர்வாகத்துக்கு யோசனை சொன்னவளே நான்தான். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். நானும் கொஞ்ச நாள் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

கொரோனா இரண்டாம் அலை அடங்கத் தொடங்கிய நேரம். ஒரு மாலை, ஐந்தரை மணி இருக்கும், முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் மடித்த சீட்டோடு வந்தார். பழங்காநத்தத்தில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. வெளியில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்க இருந்தார்கள். மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. கணவருக்கு மிச்சமிருந்ததை எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் வந்ததற்குக் காரணம், கொரோனாவுக்கு எங்கள் மருத்துவமனையில் அவர் பன்னிரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துக் கிடந்ததுதான்.

ஊசி குத்தும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இப்ப உடம்பு எப்பிடி இருக்கு?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"தேவல மேடம். வீட்டுக்குப் போயி இருபது நாளாச்சு. கொஞ்சம் அசதிதான். மாடி ஏறுனா மூச்சு வாங்குது."

"நல்லாச் சாப்பிடுங்க, சரியாப் போயிரும்" என்றேன். அவ்வளவுதான். அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. இருபது நாள் என்றார், அசதி என்றார். என் தலைக்கு மேலேயே கடிகாரம் ஐந்தரை காட்டிக்கொண்டிருந்தது. அந்த ரத்தத்தை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊரில் ரத்தம் கொடுக்க வருபவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா?" சர்க்கரை கற்றுக்கொடுத்த கேள்வி அது. வருபவர் அதை மட்டும் கேட்டுக் கேட்டு, நாமும் அதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆண் ஹார்மோனோ காலையில் ஏறி நிற்கும், பொழுது சாயச் சாய இறங்கும். பாடத்தில் படித்ததுதான். நீங்களும் படித்திருப்பீர்கள். படித்ததற்கும் கவுண்டரில் நிற்பதற்கும் நடுவில் ஒரு பெரிய வரிசை நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிவு வந்தது. கீழ் எல்லையில் பாதியைத்தான் தொட்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் சந்தேகம் இயந்திரத்தின் மேல். அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். அதே அளவு. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். சரியாக இருந்தது. இதற்குமேல் யார் பார்ப்பார்கள் என்ற திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கவுண்டரில் கையை ஓங்கித் தட்டினார். நாற்பது வயதிருக்கும். கையில் போன். திரையில் என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்.

"இதுல குறைவுன்னு போட்டுருக்கே, என்ன அர்த்தம்? எங்க மாப்ளைக்கு ஆம்பளத்தனம் இல்லைன்னு அர்த்தமா? உள்ளதச் சொல்லுங்க. எந்தங்கச்சி நாலு வருசமா கோயில் கோயிலா அலையுது. அம்புட்டுப் பேரும் அவளத்தானே மலடின்னு பேசுனாக!"

அவர் அந்தப் பட்டறைக்காரரின் மைத்துனர், மனைவிக்கு அண்ணன். சமயநல்லூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். தங்கையை முந்தைய நாளே சமயநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவது என்று ஏற்பாடு. தீர்ப்பது என்றால் அத்து விடுவது, கல்யாணத்தையே முறித்துவிடுவது.

ரிப்போர்ட் இவர் கையில் எப்படி?

"சார், இது உங்க ரிப்போர்ட் இல்ல. இதப் பத்தி உங்ககிட்ட நான் பேசக்கூடாது" என்றேன்.

"பேசக்கூடாதா? என் போனுக்கு அனுப்புனதே நீங்கதானம்மா?"

நியாயமான கேள்வி. அவர் போனபிறகு கணினியில் பார்த்தேன். கொரோனா வார்டுக்குள் யாரையும் விடாத நாளில், வெளியே நிற்கும் சொந்தக்காரர் ஒருவரின் போன் நம்பரைக் கேட்டு நோயாளியின் ஃபைலில் ஏற்றியிருந்தோம். எல்லா ரிப்போர்ட்டும் தானாக அந்த நம்பருக்குப் போகும். பட்டறைக்காரர் கிடந்த பன்னிரண்டு நாளும் வெளியே மரத்தடியில் காத்துக் கிடந்தது இந்த மைத்துனர்தான். கஞ்சியும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். இந்த முறை கவுண்டரில் இருந்த பெண் "பழைய ஃபைல் இருக்கா?" என்று கேட்டு, அதையே திறந்திருக்கிறாள். பழைய நம்பரும் கூடவே வந்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற ஓடிய மனிதருக்கு, குடும்பத்தைப் பிரிக்கிற காகிதத்தை நாங்களே அனுப்பி வைத்திருந்தோம்.

அந்தப் பெண்ணைத் திட்டுவதற்காக எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் யாருக்கும் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்று மதியமே கணவர் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. என் மேசை முன்னால் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், மறுபடி ஒருக்கா எடுங்க. ஒரு வாரம் கழிச்சு வாரேன். அதுக்குள்ள ஏறிரும்."

"எப்பிடி ஏறும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே ஊசி மருந்து. டெஸ்டோஸ்டிரோன்.

"ஜிம்முல ஒரு அண்ணே குடுத்தாரு. குறையுற சாமானத்த வெளியில இருந்து ஏத்திவிட்டாச் சரியாப் போச்சுங்கறாரு. ஞாயித்துக்கெழம பேச்ச ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுவேன், அதுக்குள்ள நம்பர் நல்லா ஏறிரும். அந்தப் பேப்பர மச்சான் மூஞ்சியில காட்டணும் மேடம். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். இதற்குச் சில வருடம் முன்பு, எங்களிடம் விந்துப் பரிசோதனைக்கு ஒரு வாலிபன் வந்தான். சட்டை கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி புஜம். பார்த்தவுடன் இவனுக்கு எதற்குப் பரிசோதனை என்று நானே நினைத்தேன். நுண்ணோக்கியில் ஒரு உயிரணுகூட இல்லை. சாம்பிள் மாறிவிட்டதோ என்று மறுபடி வரவழைத்துப் பார்த்தோம். அப்போதும் இல்லை. உடம்பை ஏற்றுவதற்காக மாதக்கணக்கில் இதே ஊசியைப் போட்டிருக்கிறான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், இனி நமக்கு வேலையில்லை என்று மூளை கட்டளை கொடுப்பதை நிறுத்திவிடும். விதைப்பையும் உயிரணு செய்வதை நிறுத்திவிடும். ரத்தத்தில் அளவு மட்டும் ஜோராக இருக்கும். ஊசியை நிறுத்தி அந்தப் பையன் தேறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று என்று பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் டாக்டர் இல்லை. மருந்தைப் போடு என்றோ போடாதே என்றோ சொல்வது என் வேலை இல்லை. இந்த வரம்பை நானே எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் அவர் வாசலைத் தாண்டினால் நேராகப் போய் ஊசியைப் போட்டுக்கொள்வார் என்பதும் தெரிந்தது. யோசிக்க நேரமில்லை.

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி என் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

"உங்களுக்குப் பிள்ளை வேணுமா, நம்பர் வேணுமா?"

"என்ன மேடம் இப்பிடிக் கேக்குறீங்க?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

"பிள்ளதான்."

"அப்ப இதத் தொடாதீங்க. ஏன்னு நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவரக் கூப்பிடுறேன். அவரு வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க."

இப்போது உட்கார்ந்தார். உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன், கதவைச் சாத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாரம் இரண்டு நாள் எங்களிடம் வரும் ஹார்மோன் டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் சுருக்கென்று தைக்கும். நான் அளவைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ரத்தம் எடுத்தப்ப மணி என்ன?"

சொன்னேன்.

"கொரோனா விட்டு எத்தனை நாள்?"

சொன்னேன்.

"வார்டுல ஸ்டீராய்டு குடுத்தாங்களா?"

ஃபைலைப் பார்த்துச் சொன்னேன். கொடுத்திருந்தார்கள்.

"சரிம்மா. இந்த மூணையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா, தெரியாமப் போட்டீங்களா?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் வெட்கப்பட்டேன். இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் மாலையில் வந்து பட்டறைக்காரரிடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "வீட்டுல தீப்பிடிச்சா நீங்க தீய அணைப்பீங்களா, சுவத்துக்கு வெள்ளையடிப்பீங்களா? உடம்பும் அப்பிடித்தான். பெரிய காய்ச்சல் வந்தா முதல்ல உசிரப் பாக்கும். பிள்ளை பெக்குற வேலைய அப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சிரும். அதனால ஆண் ஹார்மோன் இறங்கும், வார்டுல குடுத்த ஸ்டீராய்டும் அத இறக்கும். எந்தப் பெரிய நோய்லயும் இறங்கும். கொரோனாவுல கொஞ்சம் கூடுதலா இறங்குது. அந்தக் கிருமி ஒட்டிக்கிற இடம் விதைப்பையிலயும் இருக்கு, அங்கயும் போயிக் கைவரிசையக் காட்டுதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி நான் சொல்லமாட்டேன். முக்காவாசிப் பேருக்குத் தன்னால ஏறிருது. சில பேருக்கு மாசக்கணக்குல ஆகுது. ஏறாமப் போனாலும் பாக்க வைத்தியம் இருக்கு. ஆனா அந்த ஜிம்மு ஊசி மட்டும் ஆகாது. அதப் போட்டா வர்ற பிள்ளையும் வராது."

"அப்ப நான் எப்ப எடுக்கணும் டாக்டர்?"

"மூணு மாசம் போகட்டும். நல்லாத் தூங்கி எந்திரிச்சு, காலையில எட்டு மணிக்கு, வெறும் வயித்துல. ஒரு நாள் இல்ல, ரெண்டு தனித்தனி நாள். அதுவரைக்கும் இந்தப் பேப்பரு வெறும் பேப்பரு."

ஆனால் அந்த வெறும் பேப்பரை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடக்க இருந்தது. டாக்டர் பேசியது காற்றோடு போய்விடும். என் கையெழுத்துப் போட்ட காகிதம் பெரியவர்கள் கூட்டத்தில் நிற்கும். ஆகவே நான் இன்னொரு காகிதம் எழுத வேண்டும்.

மேலாளர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், மெஷின் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நம்பர் சரிதானா?"

"சரிதான்."

"பின்ன நம்ம தப்பு எங்க இருக்கு? டாக்டர் எழுதிக் குடுத்தாரு, நாம எடுத்துக் குடுத்தோம். போன் நம்பரு அவங்களே குடுத்ததுதான். நீங்களா வலியப் போயி தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு கேஸாயிரும். கோர்ட்டு ரொம்பத் தூரத்துல இல்ல, எதுத்த ரோட்டுலதான் இருக்கு."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அளவு சரி, இயந்திரம் சரி, விதிமுறை சரி. ஆனால் அளவு சரியாக இருந்தும் ரிப்போர்ட் தப்பாக இருக்க முடியும் என்பதை முப்பத்து மூன்று வருடத்தில் அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். எந்த உடம்பில், எந்த நேரத்தில் எடுத்தது என்பதை விட்டுவிட்டு நாம் கொடுக்கும் நம்பர், படிப்பவர் கையில் வேறு அர்த்தத்துக்குப் போய்விடும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குப் பதற்றம் இருந்தது, ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. என் இடத்துக்கு வந்து திருத்திய ரிப்போர்ட் போட்டேன். ரத்தம் மாலை ஐந்தரை மணிக்கு எடுக்கப்பட்டது, தீவிர நோயிலிருந்து விடுபட்டு இருபது நாளே ஆன நிலையில் எடுக்கப்பட்டது, இந்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது, காலையில் மறுபடி எடுக்க வேண்டும், இதை முதலிலேயே குறிப்பிடாதது பரிசோதனைக் கூடத்தின் தவறு. கீழே என் பெயர், கையெழுத்து. நேராகப் பட்டறைக்காரர் கையில் கொடுத்தேன். கணினியில் இருந்த மைத்துனர் நம்பரை எடுத்துவிட்டு அவருடைய நம்பரை ஏற்றினேன். அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த பெண்ணுக்கு மெமோ கொடுத்து என்ன ஆகப்போகிறது? வாங்கி வைத்துக்கொண்டேன்.

"மச்சான்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா கேக்கமாட்டாரு மேடம். எனக்காகப் பேசுறேன்னு நெனப்பாரு. அவர இங்க வரச் சொல்றேன். நீங்களும் டாக்டரும் எம்முன்னாடியே சொல்லிருங்க. எனக்குச் சம்மதம்."

சம்மதம் என்பதை எழுதி வாங்கிக்கொண்டேன். ஒருமுறை சூடு பட்டாயிற்று அல்லவா?

சனிக்கிழமை மைத்துனர் வந்தார். டாக்டர் எதிரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தப்பு எங்களுடையது என்று நான்தான் முதலில் சொன்னேன். டாக்டர் மறுபடி தீ, வெள்ளையடிப்பு எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க மைத்துனர் முகம் மாறியது. கோபம் போய் அங்கே வேறு ஏதோ ஒரு கவலை வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"நான் அவசரப்பட்டுட்டேன் மாப்ள. என்னைய மன்னிச்சிருங்க."

"விடுங்க மச்சான். ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க கெடந்தத நான் மறப்பனா?"

எல்லோரும் எழுந்தோம். அவர்கள் இருவரும் வெளியே போனார்கள். இரண்டு நிமிடத்தில் மைத்துனர் மட்டும் எதையோ மறந்து வைத்ததுபோல் திரும்பி வந்து, என் பக்கமாகக் குனிந்தார்.

"யம்மா, எனக்கும் போன வருசம் கொரோனா வந்து போச்சு. இப்பவும் ஒரே அசதியாத்தான் இருக்கு. எனக்கும்... அத ஒண்ணு எடுத்துருவோமா?"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! "காலையில எட்டு மணிக்கு வாங்க சார். உங்க சொந்த நம்பரையே குடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. அத்தோடு அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, எட்டு மணி ஆகுமுன்பே பட்டறைக்காரர் வந்தார். கூடவே ஒரு பெண். மனைவி என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவரைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன், அன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன். கணவர் ரத்தம் கொடுக்க உள்ளே போனதும் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுறவங்களா?"

"ஆமாம்மா. நடந்ததுக்கு..."

"எங்கண்ணே போனுக்கு வந்துச்சு. அம்மா பாத்தாக, சித்தப்பா பாத்தாக, மாமியா வீட்டுல அம்புட்டுப் பேரும் பாத்தாக. எங்கிட்ட ஒருத்தரும் காட்டல. சட்டி பானையக் கட்டுன்னாக, கட்டுனேன். வண்டியில ஏறுன்னாக, ஏறுனேன். அப்பறம் நீங்க வேற பேப்பரு குடுத்தீங்க. அதையும் ஆம்பளைக மூணு பேரும் நீங்களும் பேசி முடிச்சீங்க. நான் என்ன நெனைக்கிறேன்னு நீங்களாச்சும் கேக்கச் சொல்லியிருக்கலாம் மேடம்."

குரலை உயர்த்தவில்லை. டாக்டருக்கும் மேலாளருக்கும் மைத்துனருக்கும் பதில் யோசித்த நான், இந்தப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நானும் ஒரு பெண்தான்.

"தப்புத்தாம்மா" என்றேன். "இப்ப எங்க இருக்கீங்க? சமயநல்லூர்லயா?" என்று கேட்டேன்.

"நான் அந்த வாரமே பஸ் ஏறி வந்துட்டேன். சனிக்கெழம நீங்கள்லாம் இங்க பேசிக்கிட்டு இருந்தீகல்ல, அப்ப நான் பழங்காநத்தத்துல வீட்டக் கூட்டிக்கிட்டு இருந்தேன்."

"உங்க அண்ணனுக்கு விளங்கறதுக்கு முன்னாடியேவா?"

"அவருக்கு விளங்குனா என்ன, விளங்காட்டி என்ன? உங்க நம்பரப் பாத்தா நான் கழுத்த நீட்டுனேன்?"

இரண்டு நாள் காலையிலும் எடுத்த ரத்தம் அளவுக்குள் வந்திருந்தது. மிகவும் மேலே இல்லை, ஆனால் எல்லைக்குள். பட்டறைக்காரர் சந்தோஷப்பட்டார். அவர் மனைவி காகிதத்தை வாங்கி, முழுக்கப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நம்பர் வருமுன்பே அவர் முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நம் கையெழுத்தில்தான் மற்றவர் வாழ்க்கை நிற்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. உங்களுக்கும் சீக்கிரம் வரும். வந்தால் கவனமாக வேலை பார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் நம்பாதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்க மேடம். பேரையும் தொழிலையும் மாத்திருங்க. அந்த ஊசியப் பத்தி மட்டும் நல்லா அழுத்தி எழுதுங்க, நாலு பேரு தப்பிக்கட்டும்" என்றார். பெயரை எழுதவே இல்லை, தொழிலை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். நான் வேலையில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு காலை, சாம்பிள் வரிசையில் அந்தப் பெண்ணின் பெயர் எழுதிய டியூப் ஒன்று வந்தது. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நானே ஓட்டினேன், முடிவு வரும்வரை இயந்திரத்துக்கு முன்னாலேயே நின்றேன், வந்ததைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

என்ன வந்தது என்று சொல்லமாட்டேன். அனுமதி கொடுத்தது அவர் கணவர். அந்த டியூப்பில் இருந்தது அவர் மனைவியின் ரத்தம். அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை.